வீட்டை விற்றுக்கொண்டே வீடு வாங்குகிறீர்களா? தரகரைத் தேர்ந்தெடுக்க ஒரு முழுமையான வழிகாட்டி

வீட்டை விற்க மட்டும் போகிறவருக்கு விலைதான் கவலை. வாங்க மட்டும் போகிறவருக்கு வீடு பிடிக்க வேண்டும், பத்திரத்தில் வில்லங்கம் இருக்கக் கூடாது. இரண்டையும் ஒரே மூச்சில் செய்கிறவருக்கு இவற்றோடு இன்னொரு கவலையும் சேர்ந்துகொள்கிறது: தேதி. விற்ற பணம் கைக்கு வரும் நாளும், வாங்கும் வீட்டுக்குப் பணம் கட்ட வேண்டிய நாளும் பொருந்தி வர வேண்டும். பத்து நாள் முன்னே பின்னே போனாலே தற்காலிக வாடகை, கடன் வட்டி, சாமான்களைப் போட்டு வைக்க இடம் என்று செலவு வரிசை கட்டி வரும்.

நாங்கள் இதைச் செய்தபோது எங்கள் வீட்டை வாங்கியவரின் வங்கிக் கடன் மூன்று வாரம் தள்ளிப்போனது. நாங்கள் வாங்கவிருந்த வீட்டின் உரிமையாளரோ ஒரு வாரத்துக்கு மேல் பொறுக்க முடியாது என்றார். எதிர்பார்த்ததைவிட நல்ல விலை பிடித்துக் கொடுத்த எங்கள் தரகர், அந்த வாரம் முழுக்க போனை எடுத்ததே இரண்டு முறைதான். அவரைக் கெட்டவர் என்று சொல்ல மாட்டேன். விலை பேசத் தெரிந்தவர். அதற்கு மேலும் வேலை இருக்கிறது என்று நினைக்காதவர். நாங்களும் தேர்ந்தெடுக்கும்போது அதைப் பற்றிக் கேட்கவில்லை. கீழே வரும் படிகளில் பாதி, அன்று கேட்காமல் விட்டவை.

படி 1: தரகரைப் பார்க்கும் முன் உங்கள் கணக்கை முடியுங்கள்

பழைய வீடு என்ன விலைக்குப் போகும் என்று ஒரு குத்துமதிப்பு வையுங்கள். அதிலிருந்து மீதமிருக்கும் வீட்டுக் கடன், கடனை முன்கூட்டியே அடைக்க வங்கி கேட்கும் கட்டணம், இரண்டு பக்கத் தரகு, வழக்கறிஞர் செலவு, வரி எல்லாவற்றையும் கழியுங்கள். மிஞ்சுவதோடு புதிய கடனைச் சேர்த்து, வாங்கும் வீட்டின் விலையோடும் பதிவுச் செலவோடும் ஒப்பிடுங்கள். "இதற்குக் கீழே விற்றால் புது வீட்டை வாங்க முடியாது" என்கிற ஒரு எண் அதில் கிடைக்கும். அதை எழுதி உள்ளே வையுங்கள். தரகரிடம் சொல்ல வேண்டாம். காரணம் பின்னால் வருகிறது.

அடுத்து, எதை முதலில் செய்வது? முதலில் விற்றால் பணம் கையில் இருக்கும், பேரம் பேச வலு கிடைக்கும், ஆனால் இடையில் தங்க இடம் வேண்டும். முதலில் வாங்கினால் நிம்மதியாகக் குடிபோகலாம், ஆனால் பழைய வீடு விற்கும்வரை இரண்டு சுமை. வங்கியில் பிரிட்ஜ் லோன் என்று சொல்லும் இடைக்காலக் கடன் இதற்குத்தான் இருக்கிறது. வழக்கமான வீட்டுக் கடனைவிட வட்டி அதிகம், காலமும் குறைவு. அந்தக் கெடு நெருங்கும்போது வீடு விற்காமல் நின்றால் கிடைத்த விலைக்குத் தள்ளிவிட வேண்டி வரும். இரண்டையும் ஒன்றாக நகர்த்துவதுதான் பலருக்கும் தோது. தரகரின் திறமை தேவைப்படுவதும் அங்கேதான்.

வரிச் சட்டமும் தேதி கேட்கும். இந்தியாவில் பழைய வீட்டை விற்ற நீண்டகால ஆதாயத்துக்கு வரிச் சலுகை வேண்டுமானால், விற்பதற்கு ஓராண்டு முன்போ, விற்ற இரண்டு ஆண்டுக்குள்ளோ புது வீட்டை வாங்கியிருக்க வேண்டும். கட்டுவதானால் மூன்று ஆண்டு. இங்கிலாந்தில் பழைய வீடு கைவசம் இருக்கும்போதே இன்னொன்றை வாங்கினால் முத்திரைத் தீர்வை கூடுதலாக விழும். 2024 அக்டோபர் 31 முதல் அந்தக் கூடுதல் 5 சதவீதம். அதுவரை குடியிருந்த வீட்டை மூன்று ஆண்டுக்குள் விற்றால் அதைத் திரும்பக் கேட்கலாம். சிங்கப்பூரில் ஒருவராவது குடிமகனாக இருக்கும் தம்பதியர், கட்டி முடித்த இரண்டாவது வீட்டை வாங்கி 6 மாதத்துக்குள் முதல் வீட்டை விற்றால், கட்டிய கூடுதல் முத்திரைத் தீர்வையைத் திரும்பப் பெற விண்ணப்பிக்கலாம். ஊருக்கு ஊர் விதி வேறு. உங்களுக்குப் பொருந்துவதை ஒரு வரி ஆலோசகரிடம் கேட்டுத் தெரிந்துகொண்டு, அப்புறம் அதே கேள்வியைத் தரகரிடமும் போட்டுப் பாருங்கள். அவர் வரி நிபுணராக இருக்க வேண்டியதில்லை. அப்படி ஒரு கெடு இருப்பதாவது தெரிந்திருக்க வேண்டும்.

படி 2: ஒரே தரகரா, இரண்டு பேரா?

பழைய வீடும் தேடும் வீடும் ஒரே வட்டாரத்தில் என்றால் ஒருவரே போதும். இரண்டு தேதியும் ஒரே கையில் இருக்கும். தரகிலும் குறைத்துக் கேட்கலாம், பெரும்பாலும் குறைப்பார்கள். வேறு வேறு ஊர் என்றால் இரண்டு பேர்தான். தொலைவில் இருக்கும் ஊரின் விலை நிலவரம் உங்கள் தரகருக்குப் பழக்கமில்லை. "அங்கேயும் நமக்கு ஆள் இருக்கு" என்று அவர் சொன்னால், அந்த ஆளிடமிருந்து இவருக்கும் ஒரு பங்கு வரும் என்று புரிந்துகொள்ளுங்கள்.

ஒரே தரகர் என்று முடிவு செய்தால் ஒன்றை மட்டும் தெளிவாக்க வேண்டும்: அவர் யாருடைய ஆள்? உங்கள் வீட்டை விற்கும்போது அவர் உங்கள் ஆள். ஆனால் அவர் காட்டும் வீடு அவரிடமே விற்பனைக்கு வந்ததாக இருந்தால், அந்த வீட்டுக்காரருக்கும் அவர் ஆள். நீங்கள் எவ்வளவுக்கு விற்றீர்கள், எப்போது காலி செய்ய வேண்டும், கையில் என்ன மிஞ்சும் என்பதெல்லாம் தெரிந்த ஒருவர், எதிர்த்தரப்புக்காகவும் விலை பேசுகிறார். இந்தச் சிக்கலுக்காகவே சிங்கப்பூரில் ஒரே பரிவர்த்தனையில் ஒரே தரகர் இரு தரப்புக்கும் வேலை செய்வது தடைசெய்யப்பட்டிருக்கிறது. அமெரிக்காவில் கொலராடோ, புளோரிடா போன்ற மாநிலங்களும் இரு தரப்புக்கும் ஒரே முகவர் என்பதை அனுமதிப்பதில்லை. தடை இல்லாத இடங்களில் இரண்டு பக்கமும் கமிஷன் வாங்குவது சாதாரணமாக நடக்கிறது.

என் கருத்து இது: விற்பனைக்கும் தேடலுக்கும் ஒரே தரகரை வைத்துக்கொள்ளலாம். அவரிடம் உள்ள வீடே உங்களுக்குப் பிடித்துவிட்டால், அந்த ஒரு வீட்டுக்கு விலை பேசும் வேலையை மட்டும் அவர் கையில் விடாதீர்கள். உங்கள் வழக்கறிஞரோ, பேசத் தெரிந்த உறவினரோ பேசட்டும்.

படி 3: மூன்று பேரைப் பொறுக்குங்கள்

ஒரு தரகரின் 'விற்பனைக்கு' பலகை எத்தனை தொங்குகிறது என்பதைப் பார்க்க வேண்டாம். பலகை என்பது விற்காத வீடு. உங்கள் வீட்டைப் போன்ற அளவும் வயதும் உள்ள வீடுகளை, உங்கள் தெருவைச் சுற்றி, கடந்த ஆறு மாதத்தில் விற்று முடித்தவர்கள் யார் என்று விசாரியுங்கள். சமீபத்தில் குடிவந்தவர்களைக் கேட்டால் சொல்லிவிடுவார்கள். இணையத்தில் இருக்கும் மதிப்புரைகளில் ஐந்து நட்சத்திரத்தைத் தாண்டிப் போங்கள். இரண்டு, மூன்று நட்சத்திரம் போட்டவர்கள்தான் என்ன நடந்தது என்று விவரமாக எழுதுகிறார்கள். "பதிவு நாள் தள்ளிப்போனது, யாரும் தகவல் சொல்லவில்லை" என்பது போன்ற வரிகள் உங்கள் நிலைமைக்கு நேராகப் பொருந்தும்.

உரிமம் அல்லது பதிவு எண் கேட்பது கட்டாயம். இந்தியாவில் 2016-ஆம் ஆண்டு ரியல் எஸ்டேட் சட்டப்படி, பதிவு பெற்ற புதிய திட்டங்களில் வீடு விற்கும் முகவர்கள் மாநில ஆணையத்தில் பதிந்திருக்க வேண்டும். பழைய வீடு விற்கும் தரகருக்கு அந்தப் பதிவு இல்லாமலும் இருக்கலாம் என்பதால், அங்கே விசாரணைதான் கைகொடுக்கும். சிங்கப்பூரில் எல்லா முகவர்களின் பெயரும் பொதுப் பதிவேட்டில் இருக்கிறது.

இப்போது என்னிடம் இருப்பதிலேயே நல்ல யோசனை. மூவரிடமும் விற்பவராகப் போகும் முன், வாங்குபவராகப் போங்கள். பொய் இல்லையே, நீங்கள் வாங்கத்தானே போகிறீர்கள்! அவர்கள் விற்கும் ஒரு வீட்டைப் பார்க்கக் கேளுங்கள். போன் செய்தால் எவ்வளவு நேரத்தில் திருப்பிக் கூப்பிடுகிறார்? வீட்டைத் திறந்து காற்றாட வைத்திருக்கிறாரா, இல்லை நீங்கள் போன பிறகுதான் சாவியைத் தேடுகிறாரா? உங்களிடம் பணம் எப்படி ஏற்பாடு என்று கேட்கிறாரா? முக்கியமாக, தன் வாடிக்கையாளரைப் பற்றி என்ன சொல்கிறார்? ஒருவர் எங்களிடம், "அவங்க வேற இடத்துல அட்வான்ஸ் கொடுத்துட்டாங்க சார், இறக்கிக் கேளுங்க, கொடுத்துருவாங்க" என்றார். கேட்க இனிப்பாகத்தான் இருந்தது. அடுத்த மாதம் எங்களைப் பற்றியும் இதையேதான் சொல்வார் என்று பட்டியலிலிருந்து எடுத்துவிட்டோம்.

படி 4: உட்கார்ந்து பேசுங்கள்

மூவரையும் தனித்தனியாக வீட்டுக்கு வரச் சொல்லுங்கள். முதலில் விலையைப் பற்றிக் கேட்காதீர்கள். "விற்றுக்கொண்டே வாங்கியவர்களுக்குக் கடைசியாக எப்போது வேலை பார்த்தீர்கள்? தேதி எங்கேயாவது இடறியதா? என்ன செய்தீர்கள்?" என்று தொடங்குங்கள். அப்படி எதுவுமே நடந்ததில்லை என்பவருக்கு அனுபவம் குறைவு, அல்லது ஞாபகம் குறைவு. அனுபவம் உள்ளவர் ஒரு கதை வைத்திருப்பார்: வாங்குபவரின் வங்கியில் போய் நின்றது, இரண்டு வாரம் தங்கவைக்க ஒரு வீட்டை ஏற்பாடு செய்தது, விற்பவரிடம் பேசிக் கெடுவை நீட்டியது. அந்தக் கதையில் அவர் என்ன செய்தார் என்பதைக் கவனியுங்கள்.

அடுத்த கேள்வி: "வாங்க வருகிறவரால் உண்மையிலேயே வாங்க முடியுமா என்று எப்படித் தெரிந்துகொள்வீர்கள்?" கொள்கையளவிலான கடன் ஒப்புதல் கடிதத்தைப் பார்ப்பேன், அவரும் ஒரு வீட்டை விற்றுத்தான் பணம் தர வேண்டுமா என்று கேட்பேன், அப்படியானால் அந்த வீடு எந்த நிலையில் இருக்கிறது என்று விசாரிப்பேன். இப்படிப் பதில் வந்தால் நல்லது. உங்கள் வீட்டை வாங்குபவரும் விற்பவராக, அவர் வீட்டை வாங்குபவரும் விற்பவராக இருந்தால் அது ஒரு சங்கிலி. எங்கே ஒரு கண்ணி அறுந்தாலும் உங்கள் வீடு வரை அது வந்து இடிக்கும். சற்றுக் குறைந்த விலை சொன்னாலும் கடன் ஒப்புதலோடு, விற்க எதுவும் இல்லாமல் வருகிறவரை நான் மேலாகக் கருதுவேன். இதைத் தரகரே எடுத்துச் சொன்னால் அவருக்கு ஒரு மதிப்பெண் கூடப் போடுங்கள்.

இப்போது விலை. மூவரில் ஒருவர் மற்ற இருவரையும்விட நன்றாகத் தூக்கிச் சொல்வார். வேலையைப் பிடிக்கச் செய்யும் பழைய வித்தை அது. கையெழுத்து ஆன பிறகு, "சந்தை மந்தமா இருக்கு, கொஞ்சம் இறக்கணும்" என்று வருவார். விற்க மட்டும் போகிறவருக்கு இதனால் சில வாரம் வீண். உங்களுக்கோ அந்தப் பொய் விலையை வைத்துப் புது வீட்டின் பட்ஜெட்டையே போட்டுவிடும் ஆபத்து. ஆகவே, "எந்த வீடுகளை வைத்து இந்த விலை சொல்கிறீர்கள்?" என்று கேளுங்கள். பட்டியலில் போட்டிருக்கும் விலை ஆதாரம் ஆகாது, கைமாறிய விலை வேண்டும். "மூன்று வாரத்தில் யாரும் வரவில்லை என்றால் என்ன செய்வீர்கள்?" என்றும் கேளுங்கள். விலையைக் குறைப்பதைத் தவிர வேறு எதுவும் தோன்றாதவரை யோசித்துத்தான் எடுக்க வேண்டும்.

தரகரின் லாபம் எங்கே இருக்கிறது என்பதையும் தெரிந்து பேசுங்கள். விலை 100, தரகு 2 சதவீதம் என்று வைத்துக்கொள்வோம். இன்னும் ஒரு மாதம் காத்திருந்து 105-க்கு விற்றால் உங்களுக்கு 4.9 கூடும், அவருக்கு 0.1 கூடும். அந்த 0.1-க்காக ஒரு மாதம் அலைய யார்தான் விரும்புவார்? அமெரிக்கப் பொருளியலாளர்கள் ஸ்டீவன் லெவிட்டும் சாட் சைவர்சனும் 2008-இல் வெளியிட்ட ஆய்வு, சிகாகோ வட்டாரத்தில் விற்ற ஏறத்தாழ ஒரு லட்சம் வீடுகளை அலசியது. தரகர்கள் தங்கள் சொந்த வீட்டை விற்கும்போது சராசரியாக 9.5 நாள் கூடுதலாகக் காத்திருந்து, சுமார் 3.7 சதவீதம் அதிக விலைக்கு விற்றிருந்தார்கள். ஆகவே "இந்த விலைக்கே கொடுத்துடுங்க" என்று தரகர் அவசரப்படுத்தும்போது, அந்த அவசரம் யாருடையது என்று ஒரு நிமிடம் யோசியுங்கள். சில நேரம் அது உங்களுடையதாகவும் இருக்கும். புது வீட்டின் கெடு நெருங்குகிறதே.

கடைசியாக ஒன்று: கையெழுத்துக்குப் பிறகு உங்களோடு பேசப் போவது அவரா, அவர் அலுவலகத்துப் பையனா?

படி 5: ஒப்பந்தத்தை வரி வரியாகப் படியுங்கள்

வாய்ப்பேச்சில் தரகு பேசி முடிக்கும் இடமாக இருந்தாலும், ஒரு பக்கத்தில் எழுதி இருவரும் கையெழுத்துப் போடுவது நல்லது. பிரிட்டனில் 1979-ஆம் ஆண்டுச் சட்டமே, என்ன கட்டணம், எப்போது செலுத்த வேண்டும் என்பதைத் தரகர் முன்கூட்டியே தெரிவிக்க வேண்டும் என்கிறது. அமெரிக்காவில் 2024 ஆகஸ்ட் 17-இலிருந்து, விற்பனைக்கு வரும் வீடுகளை முகவர்கள் பகிர்ந்துகொள்ளும் பட்டியல் சேவைகளில் உள்ளவர்கள் வாங்குபவருக்கு வீடு காட்டும் முன்பே எழுத்து ஒப்பந்தம் போட வேண்டும். வாங்கும் பக்கத்திலும் என்ன செலவு என்று முதல் நாளே தெரிந்துவிடுகிறது.

ஒப்பந்தத்தில் நான் தேடும் வரிகள் இவை.

தரகு எப்போது கொடுக்க வேண்டும்? "தகுதியான வாங்குபவரைக் கொண்டுவந்தாலே தரகு உண்டு" என்ற பொருளில் ஒரு வரி சில ஒப்பந்தங்களில் ஒளிந்திருக்கும். விற்றுக்கொண்டே வாங்குகிறவருக்கு இதுதான் பெரிய கண்ணிவெடி. நீங்கள் வாங்கவிருந்த வீடு கைநழுவி, அதனால் விற்பனையையும் நிறுத்த நேர்ந்தால், வீடும் விற்காமல், வீடும் வாங்காமல், தரகு மட்டும் கட்டுவீர்கள். கிரயம் முடிந்து முழுப் பணமும் வந்த பிறகுதான் தரகு என்று மாற்றச் சொல்லுங்கள். மறுத்தால் வேறு தரகர்.

அவர் மட்டுமேவா? தனி உரிமை கொடுத்தால் தரகர் மெனக்கெடுவார் என்பது உண்மை. ஆனால் அதில் இரண்டு வகை உண்டு. ஒன்றில், நீங்களாகவே ஓர் ஆளைக் கண்டுபிடித்து விற்றால் தரகு இல்லை. இன்னொன்றில், உங்கள் தம்பிக்கே விற்றாலும் தரகு உண்டு. முதல் வகைக்கு ஒப்புக்கொள்ளலாம்.

எத்தனை வாரம்? ஆறு மாதம் பூட்டிப்போட்டால் உங்கள் தேதிகள் எல்லாம் அவர் கையில். எட்டு முதல் பன்னிரண்டு வாரம், அதற்குப் பிறகு இரண்டு வார முன்னறிவிப்போடு விலகலாம் என்று பேசுங்கள். விலகிய பிறகும் அவர் காட்டிய ஆள் வாங்கினால் தரகு கேட்கும் வரி ஒன்றும் இருக்கும். அது நியாயம்தான். ஆனால் அதற்கு ஒரு கால வரம்பும், அவர் அழைத்துவந்தவர்களின் பெயர்ப் பட்டியலும் வேண்டும்.

இரண்டு வேலைக்கும் ஒரே தரகர் என்றால் சலுகைத் தரகை இப்படிப் பிரிக்கச் சொல்லுங்கள்: ஒரு பங்கு விற்பனை முடிந்ததும், மறு பங்கு புது வீட்டின் சாவி வாங்கியதும். விற்றுக் கொடுத்ததோடு காணாமல் போகிறவருக்கு இது நல்ல கடிவாளம்.

வழக்கறிஞர், கடன் ஏற்பாட்டாளர் என்று தரகர் யாரையாவது சிபாரிசு செய்தால் கேட்டுக்கொள்ளுங்கள், கட்டுப்பட வேண்டாம். பத்திரத்தைப் பார்க்கும் வழக்கறிஞராவது முழுக்க உங்கள் ஆளாக இருக்கட்டும்.

படி 6: வாயை எங்கே மூடுவது

உங்கள் தரகரிடம் தேதிகளைத் திறந்து சொல்லுங்கள்: எப்போது முதல் காலி செய்யலாம், எப்போது கட்டாயம் பணம் வேண்டும். அது தெரியாமல் அவரால் வேலை செய்ய முடியாது. முதல் படியில் எழுதி வைத்த அந்தக் கடைசி எண்ணைச் சொல்லாதீர்கள். சொன்ன நிமிடத்திலிருந்து அவர் மனதில் அதுதான் உங்கள் விலை. வாங்கும் வீட்டுத் தரகரிடம் இதைத் தலைகீழாகச் செய்யுங்கள்: கடன் ஒப்புதல் இருக்கிறது, வீட்டுக்கு ஆள் வந்தாயிற்று என்பதைச் சொல்லலாம், ஏனென்றால் அது உங்களை நம்பகமானவராகக் காட்டும். எவ்வளவுக்கு விற்றீர்கள், எந்த நாளில் தெருவில் நிற்பீர்கள் என்பது அவருக்கு வேண்டாம்.

படி 7: இரண்டு ஒப்பந்தங்களையும் தரகரைக் கொண்டு கோக்க வையுங்கள்

உங்கள் வீட்டை வாங்குகிறவரின் முன்பணம் கைக்கு வராமல், புது வீட்டுக்கு முன்பணம் கொடுக்காதீர்கள். இங்கிலாந்தில் ஒப்பந்தப் பரிமாற்றம், அதாவது கையெழுத்திட்ட ஒப்பந்தங்களை இரு தரப்பும் மாற்றிக்கொள்வது, ஆகும்வரை யாருக்கும் கட்டுப்பாடு இல்லை. அன்றுதான் வழக்கமாக 10 சதவீத முன்பணமும் கைமாறும். அதனால் அங்கே விற்பதற்கும் வாங்குவதற்கும் ஒரே நாளில் பரிமாற்றம் வைத்துக்கொள்கிறார்கள். அந்தக் கருத்தை எங்கும் கடன் வாங்கலாம்.

கெடுக்களை ஒன்றாக வைக்காமல் சற்று இடைவெளி விடுங்கள். விற்பனை ஒப்பந்தத்தில் 60 நாள் என்றால், வாங்கும் ஒப்பந்தத்தில் 75 நாள் கேளுங்கள். வாங்குகிறவர் பத்து நாள் தாமதித்தாலும் உங்கள் முன்பணம் பறிபோகாது. விற்ற பிறகும் சில வாரம் அதே வீட்டில் வாடகைக்கு இருந்துகொள்ளலாம் என்று ஒரு வரி சேர்த்தால் இன்னும் நல்லது. வாடகை, காலி செய்யும் நாள், தவறினால் அபராதம் மூன்றும் எழுத்தில் இருக்க வேண்டும். "என் வீடு விற்றால்தான் இதை வாங்குவேன்" என்ற நிபந்தனையை விற்பவர்கள் எளிதில் ஒப்ப மாட்டார்கள். சந்தை மந்தமாக இருக்கும்போது கேட்டுப் பார்க்கலாம்.

இவற்றையெல்லாம் எதிர்த்தரப்போடு பேசி வாங்கித் தருவதுதான் தரகருக்கு நீங்கள் கொடுக்கும் பணத்துக்கு உண்மையான வேலை. நான்காம் படியிலேயே இதைச் சொல்லி, "உங்களால் பேச முடியுமா?" என்று கேட்டுவிடுங்கள்.

படி 8: வாரம் ஒரு போன்

எத்தனை பேர் பார்த்தார்கள், என்ன சொன்னார்கள், வாங்குபவரின் கடன் எந்த மேசையில் இருக்கிறது. இந்த மூன்றுக்கும் வாரம் ஒருமுறை பதில் வர வேண்டும். இரண்டு வாரம் தொடர்ந்து நீங்களே கூப்பிட்டுத்தான் பதில் கிடைக்கிறது என்றால், ஒருமுறை நேராகச் சொல்லுங்கள். மூன்றாவது வாரமும் அதே கதை என்றால் முன்னறிவிப்புக் கடிதம்.

பதிவு நாளுக்கு முந்தின வாரம், தரகரோடு உட்கார்ந்து அந்த நாளை மணிக்கணக்கில் எழுதிப் போடுங்கள். விற்பனையைக் காலையில் வையுங்கள். பெரிய தொகைகள் வங்கியில் ஒரு நேரத்துக்குப் பிறகு நகராமல் நிற்கலாம் என்பதால் வாங்குவதை அன்றே பிற்பகலில் வைக்காமல், முடிந்தால் மறுநாளுக்கு விடுங்கள். இரண்டு வீட்டிலும் மின்சார மீட்டரைப் படம் எடுத்துக்கொள்ளுங்கள். பழைய வீட்டுச் சாவியைப் பணம் கணக்கில் ஏறிய குறுஞ்செய்தி வந்த பிறகே கொடுங்கள். தரகின் இரண்டாம் பங்கை, புது வீட்டுக் கதவைத் திறந்து உள்ளே போய், தண்ணீர் வருகிறதா என்று குழாயைத் திருகிப் பார்த்துவிட்டுக் கொடுக்கலாம்.